யூத, அரபுக் கம்யூனிஸ்ட் பிரசுரங்கள்: ஒரு கட்டைப் பிரித்து விற்கிறார்கள், எதை எடுப்பது?

தாள்வாசி:

வணக்கம் தோழர்களே. பாலஸ்தீனத்திலும் பிறகு இஸ்ரேலிலும் யூதர்களும் அரபுகளும் ஒரே கட்சிக்குள் இருந்து நடத்திய கம்யூனிஸ்ட் இயக்கத்தைப் பற்றிச் சில காலமாகப் படித்துவருகிறேன். வரலாற்றுப் புத்தகங்களில் "கட்சி அப்போது ஒரு அறிக்கை வெளியிட்டது" என்று ஒரே வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். அந்த அறிக்கை எந்த மொழியில் வந்தது, என்ன தாளில் அடித்தார்கள், யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் அசல் பிரசுரங்களைத் தேட ஆரம்பித்தேன். பெரிய சேகரிப்பு என்று சொல்ல முடியாது. இப்போதைக்கு மூன்றே உருப்படிகள்.

முதலாவது அரபியில் ஒரு சிறுநூல். மெல்லிய அட்டை, பின்னட்டையின் கீழ்மூலையில் விலை அச்சாகியிருக்கிறது, 100 புருட்டா என்று ஒருவர் படித்துச் சொன்னார். இரண்டாவது ஹீப்ருவில் ஒரு தேர்தல் நோட்டீஸ், நடுவில் ஒரே ஒரு எழுத்து மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக இருக்கிறது. மூன்றாவதுதான் புரியாமல் கிடக்கிறது: சைக்ளோஸ்டைலில் அடித்த இரண்டு தாள்கள், எழுத்து ஹீப்ரு மாதிரி இருக்கிறது, தேதி இல்லை, அச்சகப் பெயர் இல்லை, மூலையில் குத்திய பின் துருப்பிடித்துத் தாளையே அரித்திருக்கிறது.

இப்போது ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் ஒரு கட்டு வந்திருக்கிறது. ஒரே வீட்டிலிருந்து வந்ததாம், ஹீப்ரு, யித்திஷ் (ஹீப்ரு எழுத்தில் எழுதும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி), அரபி, கொஞ்சம் பிரெஞ்சு எல்லாம் கலந்து கிடக்கிறது. அதை மூன்றாகப் பிரித்து விற்கப்போவதாகச் சொல்கிறார். ஹீப்ருவும் யித்திஷும் யூதப் பொருட்கள் வாங்குபவர்களுக்கு, அரபி மத்தியக் கிழக்குப் பட்டியலுக்கு, பிரெஞ்சு தனியாக. என்னால் ஒரு பங்குக்குத்தான் பணம் புரட்ட முடியும். எதை எடுக்கலாம்? அப்புறம், நான் மேலே சொன்ன மூன்றின் காலத்தைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

ஈயஎழுத்து:

தோழர், உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்விக்கு நீங்களே பாதி பதில் சொல்லிவிடுவீர்கள்.

விலையை எப்போதும் பாருங்கள். தேதி போடாத பிரசுரத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிரிட்டிஷ் ஆட்சியில் பாலஸ்தீன பவுண்டு 1927இல் வந்தது, அது 1000 மில். எனவே விலை மில்லில் இருந்தால் 1927க்கும் இஸ்ரேல் உருவான நாட்களுக்கும் இடையில். அதற்கு முன்னால் அங்கே எகிப்தியக் காசுதான் புழங்கியது. இஸ்ரேலில் சில்லறைக் காசாக 1949இல் புருட்டா வந்தது, 1960இல் அகோரா வந்தது, 1980இல் லிரா என்ற இஸ்ரேல் பவுண்டு போய் ஷெக்கெல் வந்தது. ஆக உங்கள் அரபிச் சிறுநூல் 1949க்கும் 1960க்கும் நடுவில் அச்சானது என்று தைரியமாகச் சொல்லலாம், அதாவது ராணுவ ஆட்சியின் கீழ் இருந்த அரபு மக்களுக்காக மாக்கி, அதாவது இஸ்ரேல் கம்யூனிஸ்ட் கட்சி, வெளியிட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1966 வரை இஸ்ரேலுக்குள் இருந்த அரபு ஊர்களில் ராணுவ ஆட்சி. அங்கே ஊர்விட்டு ஊர் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும், அப்படிப்பட்ட நேரத்தில் இந்தப் புத்தகத்தை யாரோ ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு அதைத் திறந்து பாருங்கள்.

தேர்தல் நோட்டீஸில் பெரிதாக இருக்கும் எழுத்து என்ன என்று பாருங்கள். இஸ்ரேலில் ஒவ்வொரு கட்சிப் பட்டியலுக்கும் வாக்குச்சீட்டில் ஒரு எழுத்து உண்டு. மாக்கியுடையது கோஃப். 1965இல் கட்சி உடைந்தபோது மெய்ர் வில்னரும் தவ்ஃபீக் தூபியும் ராக்கா என்ற தனிக் கட்சியை அமைத்தார்கள், அதற்கு வாவ். 1977இல் ராக்காவை மையமாக வைத்து ஹதாஷ் என்ற தேர்தல் கூட்டணி வந்த பிறகும் அதே வாவ் தொடர்ந்தது. கோஃப் என்றால் உடனே 1965க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஷ்முயெல் மிக்குனிஸும் மோஷே ஸ்னேயும் மாக்கி என்ற பெயரிலேயே அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் தேர்தலில் நின்றார்கள். வேட்பாளர் பெயரைப் படித்தால் தெரிந்துவிடும்: வில்னர், தூபி, மிக்குனிஸ் மூவரும் ஒரே தாளில் இருந்தால் உடைவதற்கு முன்.

பெயரில் இன்னொரு சிக்கல். மாக்கி என்ற பெயர் 1948 முதல் 1965 வரை ஒன்றுபட்ட கட்சிக்கு, பிறகு மிக்குனிஸ்–ஸ்னே பிரிவுக்கு, 1989இல் ராக்கா தன் பெயரை மாற்றிக்கொண்ட பிறகு மறுபடி வேறொரு கட்சிக்கு. அதனால் வியாபாரிகள் பட்டியலில் "மாக்கி" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

அதற்கு முந்திய காலம்தான் இன்னும் சுவையானது. 1923இல் உருவாகி 1924இல் மாஸ்கோவிலிருந்து இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலம் ஏற்றுக்கொண்ட பாலஸ்தீனக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு பி.கே.பி. என்றுதான் பெயர். அந்தச் சுருக்கமே யித்திஷில் எழுதப்பட்ட பெயரிலிருந்து வந்தது, உறுப்பினர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தொழிலாளர்கள். கட்சியை அரபுமயமாக்கச் சொல்லி மாஸ்கோ திரும்பத் திரும்ப அழுத்தியது, 1929இன் அரபு, யூதக் கலவரத்துக்குப் பிறகு அது கட்டளையாகவே ஆனது, 1934இல் ரத்வான் அல்-ஹிலூ பொதுச் செயலாளரானார். ஆக இந்தப் பத்து ஆண்டுகளின் பிரசுரங்களில் ஒரு கட்சி ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். பெரும்பாலும் தலைமறைவுக் காலம் என்பதால் அச்சகப் பெயர் இருக்காது. பிரிட்டிஷாரின் 1933 பத்திரிகைச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் ஊரும் போட்டாக வேண்டும், எனவே அது இல்லாத தாள் சட்டத்துக்குத் தெரியாமல் வந்தது என்று முதல் ஊகமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் சைக்ளோஸ்டைல் தாளுக்கு இது பொருந்தக்கூடும்.

அது ஹீப்ருவா யித்திஷா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: அயின் என்ற எழுத்தைத் தேடுங்கள். யித்திஷில் அது "எ" ஒலிக்கு வருவதால் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் உட்கார்ந்திருக்கும். ஹீப்ருவில் அவ்வளவு அடர்த்தியாக வராது. அடுத்த படி, சொல்லின் இறுதியில் மட்டும் வடிவம் மாறும் ஐந்து எழுத்துகள் உண்டு. சோவியத் யூனியனில் 1930களில் அச்சான யித்திஷில் அந்த இறுதி வடிவங்களை நீக்கிவிட்டார்கள். அவை இல்லாவிட்டால் தாள் பாலஸ்தீனத்தில் அடித்ததே இல்லை, சோவியத்திலிருந்து வந்தது என்று சந்தேகப்பட வேண்டும்.

இனி முதல் கேள்வி. எந்தப் பங்கையும் தனியாக எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்த வியாபாரத்தில் என்னைக் கோபப்படுத்துகிற ஒரே விஷயம் இந்தப் பிரித்தல்தான். ஒரே மத்தியக் குழு, ஒரே இரவில், ஒரே வேலைநிறுத்தத்துக்கு இரண்டு மொழியில் எழுதிய இரண்டு தாள்கள், ஒன்று யூதப் பொருள் ஏலத்துக்கும் மற்றொன்று அரபிப் பட்டியலுக்கும் போய்விட்டால் அவை மறுபடி ஒரு மேசையில் சந்திக்கப்போவதே இல்லை. அந்தக் கட்சி உயிரைக் கொடுத்துச் சேர்த்து வைத்ததை அலமாரி வசதிக்காகப் பிரித்துப் போடுகிறார்கள். முழுக் கட்டுக்கும் தவணையில் பணம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பிரிப்பதற்கு முன்னால், இருக்கும் வரிசையிலேயே, ஒவ்வொரு உருப்படியையும் முன்னும் பின்னும் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

நீலமை:

ஈயஎழுத்து சொன்னதில் கடைசிப் பத்தியை நானும் வழிமொழிகிறேன். நான் அரபிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் பாதிப்பேர் ஹீப்ருவோடு நின்றுவிடுகிறார்கள், மீதிப்பேர் பாலஸ்தீனத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

அரபியில் தேதி போட்டிருந்தால் மாதத்தின் பெயரைப் பாருங்கள், ஊரே தெரிந்துவிடும். பாலஸ்தீனம், லெபனான், சிரியா, இராக்கில் கானூன், ஷுபாத், ஆதார், நீசான் என்று பழைய பெயர்கள். எகிப்தில் யனாயிர், ஃபெப்ராயிர், மாரிஸ் என்று ஐரோப்பியப் பெயர்கள். கம்யூனிஸ்ட் பிரசுரங்களில் அதிகம் கிடைப்பது மே தின அறிக்கைதான், அதில் இது அப்படியே தெரியும்: ஹைஃபாவிலும் பெய்ரூட்டிலும் அய்யார், கெய்ரோவில் மாயூ, பாக்தாதில் பல நேரம் மாயிஸ். மொராக்கோ, துனிசியாப் பக்கம் போனால் எண்களே மாறிவிடும், அங்கே 1, 2, 3 என்று நாம் எழுதும் வடிவம், கிழக்கே அரபிக்கே உரிய வேறு எண் வடிவம்.

உங்கள் கட்டில் பிரெஞ்சு இருக்கிறது என்கிறீர்களே, அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எகிப்தியக் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் முதலிலிருந்தே யூதர்கள் உண்டு. அலெக்ஸாந்திரியாவில் நகைக்கடை வைத்திருந்த ஜோசஃப் ரோசென்தால் 1921இல் எகிப்திய சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1940களில் ஹென்றி கூரியேல் கெய்ரோவில் ஒரு புத்தகக்கடை நடத்திக்கொண்டே 1943இல் எகிப்திய தேசிய விடுதலை இயக்கத்தை அமைத்தார். இன்னொரு பக்கம் ஹிலெல் ஷ்வார்ட்ஸின் இஸ்க்ரா என்ற குழு. இரண்டும் 1947இல் சேர்ந்து ஹதேத்து என்ற ஒரே அமைப்பு ஆயிற்று, அதன் பத்திரிகை அல்-ஜமாஹீர். இவர்களில் பலருக்குப் படிப்பு பிரெஞ்சில், கட்சி வேலை அரபியில். அதனால் உள்சுற்று அறிக்கை பிரெஞ்சிலும் தெருவில் கொடுக்கும் தாள் அரபியிலும் இருப்பது சாதாரணம். கூரியேலை 1950இல் நாடு கடத்தினார்கள், பாரிஸில் இருந்தபடி "ரோம் குழு" என்ற பெயரில் அவரும் தோழர்களும் கெய்ரோவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள், 1978இல் பாரிஸிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழுவின் ஆவணங்கள் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேச சமூக வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன, உங்கள் பிரெஞ்சுத் தாள்களை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இராக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1946இல் பாக்தாதில் சியோனிச எதிர்ப்புக் கழகம் என்று ஒன்று சில மாதங்கள் மட்டும் சட்டப்படி இயங்கியது. நடத்தியவர்கள் யூதக் கம்யூனிஸ்டுகள், அதன் ஏடு அல்-உஸ்பா. அரசாங்கமே அனுமதி கொடுத்து, அரசாங்கமே மூடிவிட்டது. 1949இல் இராக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஃபஹதைத் தூக்கிலிட்டார்கள், யெஹூதா சித்தீக் என்ற யூதத் தோழரையும் தூக்கிலிட்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் இராக்கின் யூதர்களில் பெரும்பகுதி, ஒரு லட்சத்துக்கும் மேல், நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். போனவர்கள் கையில் கட்சிப் பிரசுரம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்களா? வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து என்ற நிலை. அதனால் பாக்தாத் தாள் ஒன்று உங்கள் கட்டில் இருந்தால், அது கிழிந்திருந்தாலும் பாதிதான் இருந்தாலும் விடாதீர்கள். இராக்கிலிருந்து இஸ்ரேலுக்குப் போனவர்களில் சிலர் அங்கே மறுபடி கட்சியில் சேர்ந்து அரபியிலேயே எழுதினார்கள். ஷிமோன் பல்லாஸும் சாமி மிகாயேலும் அப்படித்தான், ஹைஃபாவின் கட்சி ஏடுகளில் எழுதிப் பிறகு ஹீப்ரு நாவலாசிரியர்கள் ஆனார்கள். யூதர் எழுதிய அரபி, அதை அடித்தது கம்யூனிஸ்ட் அச்சகம், படித்தது கலிலேயாவின் விவசாயி. இந்தத் தாளை வியாபாரி எந்தப் பட்டியலில் போடுவார் சொல்லுங்கள்?

ஒரு பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: நஜாத்தி சித்கி. ஜெருசலேம்காரர், மாஸ்கோவில் படித்தவர். 1936இல் உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினுக்குப் போய், ஃபிராங்கோவின் படையில் இருந்த மொராக்கோ வீரர்கள் கட்சி மாறி வரவேண்டும் என்று அரபியில் பிரசுரங்கள் எழுதினார். அவற்றில் ஒன்றையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஸ்பானியப் போர்ப் பொருட்கள் விற்பவர்கள் பலருக்கு அரபி தெரியாது, எனவே எங்கேயாவது ஒரு பெட்டியின் அடியில் கிடக்கலாம்.

சாட்சி:

நல்ல தகவல்கள். ஆனால் எல்லோரும் வாங்குவது பற்றியே பேசுகிறோம், அது எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லையே. "ஒரே வீட்டிலிருந்து வந்தது" என்று வியாபாரி சொன்னால் யார் வீடு, எப்போது, எப்படி என்று கேட்பதுதான் முதல் வேலை.

இந்தப் பகுதியின் காகிதங்களுக்கு ஒரு கொடுமையான வரலாறு இருக்கிறது. 1948இல் மேற்கு ஜெருசலேமில் பாலஸ்தீனர்கள் விட்டுப்போன வீடுகளிலிருந்து ஏறக்குறைய 30,000 புத்தகங்கள் எடுக்கப்பட்டு இன்றைய இஸ்ரேல் தேசிய நூலகத்துக்குப் போயின. அவற்றில் சில ஆயிரம் இன்னும் "கைவிடப்பட்ட சொத்து" என்ற குறியோடு அங்கே இருக்கின்றன. 1982இல் பெய்ரூட்டுக்குள் நுழைந்த இஸ்ரேலியப் படை பாலஸ்தீன ஆய்வு மையத்தின் நூலகத்தை அள்ளிக்கொண்டு போனது, அடுத்த ஆண்டு கைதிகள் பரிமாற்றத்தின்போது அது அல்ஜியர்ஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2003இல் பாக்தாத் உளவுத்துறைக் கட்டடத்தின் வெள்ளம் புகுந்த அடித்தளத்தில் இராக் யூதர்களின் புத்தகங்களும் ஆவணங்களும் நனைந்து கிடந்தன, அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் உலர்த்திச் செப்பனிட்டார்கள், அது யாருக்குச் சொந்தம் என்ற சண்டை அதோடு தொடங்கியது. ஆக அரபியானாலும் யூதர் எழுதியதானாலும் இந்தத் தாள்களில் பல, உரியவர் கையிலிருந்து ஒரு முறையாவது பிடுங்கப்பட்டவை.

எனவே தலைப்பைப் படிப்பதற்கு முன்னால் முத்திரைகளைப் பாருங்கள். நூலக முத்திரை, பென்சிலில் எழுதிய வரிசை எண், கிழித்து எடுத்த சீட்டின் பசைத் தடம். கிபுட்ஸ் என்ற இஸ்ரேலியக் கூட்டுப் பண்ணைகளின் நூலகங்கள் மூடும்போது கழித்துக்கட்டிய புத்தகங்கள் நிறைய சந்தைக்கு வருகின்றன, அவற்றில் பெரும்பாலும் கழித்ததற்கான குறியும் இருக்கும், அது பிரச்சினை இல்லை. முத்திரையைச் சுரண்டியிருந்தால் அந்தக் கட்டைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. கையால் எழுதிய பெயர்கள், கூட்டத்துக்கு வந்தவர் பட்டியல், சந்தா ரசீது இவை இருந்தால் ஸ்கேன் செய்து பொதுவில் போடாதீர்கள். அவர்களின் பிள்ளைகள் இன்னும் அதே ஊர்களில் இருக்கிறார்கள்.

என் சொந்தக் கருத்து, இவ்வளவு அரிதான பொருள் தனி ஆளின் வீட்டில் இருக்கவே வேண்டாம். பிர்ஸெயிட்டில் பாலஸ்தீன அருங்காட்சியகம் குடும்பங்களிடமிருந்து காகிதங்களை வாங்கி ஸ்கேன் செய்து அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. யித்திஷ் என்றால் நியூயார்க்கில் யிவோ ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வாங்கினாலும் அங்கே கொடுப்பதற்காக வாங்குங்கள்.

ஈயஎழுத்து:

சாட்சி சொன்ன முத்திரை விஷயமும் பெயர்ப் பட்டியல் விஷயமும் நூற்றுக்கு நூறு சரி. கடைசிக் கருத்தோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆவணக்காப்பகங்கள் பத்திரிகைகளின் முழுத் தொகுப்பை நன்றாகக் காப்பாற்றியிருக்கின்றன. கட்சியின் ஹீப்ரு நாளேடான கோல் ஹாஆமையும், 1944 மே மாதம் ஹைஃபாவில் தொடங்கி இன்றும் வரும் அரபி ஏடான அல்-இத்திஹாதையும் தேசிய நூலகத்தின் தளங்களில் இப்போது வீட்டிலிருந்தே படிக்கலாம். 1962இல் மாக்கியின் முன்னாள் உறுப்பினர்கள் தொடங்கிய மாட்ஸ்பென் இதழ்களை அவர்களே தளம் வைத்து ஏற்றியிருக்கிறார்கள். மாக்கியின் காகிதங்கள் இஸ்ரேலில் யாத் தபென்கின் ஆவணக்காப்பகத்தில், கம்யூனிஸ்ட் அகிலத்தின் காகிதங்கள் மாஸ்கோவில். எனவே தோழர் தாள்வாசி இவற்றில் பணம் போட வேண்டிய அவசியமே இல்லை, ஒரு விதிவிலக்கு தவிர, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் வேலைநிறுத்தத்தன்று ஆலை வாசலில் கொடுத்த ஒற்றைத் தாள் இருக்கிறதே, அதை எந்த நிறுவனமும் அன்று போய்ச் சேகரிக்கவில்லை. யாரோ ஒரு தொழிலாளி மடித்துச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனதால்தான் அது தப்பியது. காப்பகத்துக்குப் போனாலும் அங்கே மொழிவாரியாகத்தான் பிரிப்பார்கள். அக்கறையுள்ள ஒருவர் சேர்த்து வைத்து, படித்து, ஒப்பிட்டு, முழுக்கட்டாகக் கொடுப்பதுதான் நல்லது. கொடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

விதிவிலக்கு: 1953 மார்ச். அமெரிக்கா சோவியத்துடன் போருக்குப் போனால் இஸ்ரேல் 2 லட்சம் வீரர்களைத் தரும் என்று ஒரு செய்தி வந்தது, அதைக் கண்டித்து கோல் ஹாஆமும் அல்-இத்திஹாதும் எழுதின. உள்துறை அமைச்சர் ஹீப்ரு ஏட்டை 10 நாள், அரபி ஏட்டை 15 நாள் நிறுத்திவைத்தார். நான் மேலே சொன்ன அதே 1933 பிரிட்டிஷ் சட்டத்தை வைத்துத்தான். கட்சி உச்ச நீதிமன்றம் போனது, நீதிபதி ஷிமோன் அக்ரனாத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தார், இஸ்ரேலில் பேச்சுரிமைக்கு அடிப்படையாக இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். அந்த மார்ச் மாதத்து ஹீப்ரு இதழும் அரபி இதழும் ஜோடியாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு மொழிக்கு இரண்டு தண்டனை, அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதேபோல் 1943 முதல் 1948 வரை. 1943இல் கட்சி தேசிய அடிப்படையில் உடைந்தது, அரபுத் தோழர்கள் தேசிய விடுதலைக் கழகத்தை அமைத்தார்கள். எமில் தூமா, எமில் ஹபீபி, தவ்ஃபீக் தூபி, பூலுஸ் ஃபரா எல்லாம் அதில்தான். 1947இல் சோவியத் யூனியன் பாலஸ்தீனப் பிரிவினையை ஆதரித்ததும் இரண்டு பக்கத்திலும் நிலைப்பாடு மாதத்துக்கு மாதம் மாறியது, கழகத்துக்குள்ளேயே பிரிவினையை ஏற்பதா வேண்டாமா என்று பிளவு. 1948 போர் நடக்கும்போதே அரபுப் படைகளின் வீரர்களைப் பார்த்து வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று கழகம் அரபியில் பிரசுரம் கொடுத்தது, அதைக் கொடுத்ததற்காகப் பலர் சிறைக்குப் போனார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் இரண்டு பக்கமும் மறுபடி ஒன்றாகி மாக்கி ஆனது. இந்த ஐந்தாண்டு பிரசுரங்களுக்குத் தேதியைச் சரியாகப் போட்டுவிட்டால் ஒரு நிலைப்பாடு எந்த வாரம் உடைந்தது என்பதுவரை பிடித்துவிடலாம். நான் சேகரிப்பது இந்தக் காலத்தை மட்டும்தான், எல்லாவற்றையும் வாங்கப் பார்த்தால் எதையும் படிக்க முடியாது.

தாள்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்: நோட்டீஸில் இருப்பது கோஃப், கீழே மூவர் பெயரும் இருக்கிறது. சைக்ளோஸ்டைல் தாளில் அயின் கொட்டிக்கிடக்கிறது, இறுதி வடிவங்களும் இருக்கின்றன, ஆக யித்திஷ், பாலஸ்தீனத்தில் அடித்ததாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். வியாபாரிக்கு எழுதி, பிரிக்காமல் நிறுத்திவைக்கச் சொல்லிப் படம் கேட்டிருக்கிறேன், யார் வீடு என்றும் கேட்டிருக்கிறேன். அந்தத் துருப்பிடித்த பின்னை என்ன செய்வது? எடுத்தால் தாள் கிழியும்போல இருக்கிறது. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டலாமா?

தூசிதட்டி:

டேப் வேண்டவே வேண்டாம். எந்த டேப்பும் வேண்டாம், லேமினேஷனும் வேண்டாம். டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், அப்புறம் அதை எடுக்க நிபுணர்தான் வேண்டும்.

பின்னை எடுத்துவிடுவது நல்லது, துரு நிற்காது, பரவிக்கொண்டே போகும். ஸ்டேப்ளர் பின் எடுக்கும் கருவியை வைத்து இழுக்காதீர்கள். தாளைக் கவிழ்த்துப் போட்டு, மடங்கியிருக்கும் இரண்டு கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, தாளில் பலம் படாமல் காலை ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். கால் ஒடிந்தாலும் பரவாயில்லை. பிறகு முன்பக்கம் திருப்பி மெதுவாகத் தூக்குங்கள். துருத்தூளை மென்மையான தூரிகையால் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், ஈரத்துணி கூடாது. எடுப்பதற்கு முன்னால் பின் எந்த இடத்தில் எப்படி இருந்தது என்று படம் எடுத்துவிடுங்கள், எந்தத் தாள் எதோடு சேர்ந்திருந்தது என்பதற்கு அந்தத் துருத் தடம்தான் ஆதாரம். மறுபடி பின் குத்தாமல், இரண்டு தாளையும் அமிலமில்லாத காகித மடிப்புக்குள் சேர்த்து வையுங்கள். ஓரம் நொறுங்குகிற தாள் என்றால் பாலியஸ்டர் உறையில் போடலாம், பிவிசி உறை ஆகவே ஆகாது, மையை உரித்துவிடும். போர்க்கால, தலைமறைவுக்காலத் தாள் பெரும்பாலும் மட்டமான மரக்கூழ்க் காகிதம், தானாகவே அமிலம் சுரந்து பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும், அதனால் நல்ல காகிதத்தில் அச்சான சிறுநூலோடு சேர்த்து வைக்காதீர்கள். படுக்கை வாட்டத்தில், இருட்டில், ஈரப்பதம் ஏறி இறங்காத இடத்தில்.

அசல்தானா என்ற சந்தேகத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். இவற்றைக் கள்ளத்தனமாக அடிப்பதைவிட, ஆண்டுவிழாக்களுக்காகக் கட்சியே மறுபதிப்புச் செய்ததும் பிற்காலத்து நகலும்தான் அசலோடு கலந்து வரும். ஈய எழுத்தில் அச்சான தாளைப் பின்பக்கமிருந்து சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்தின் அழுத்தம் மேடாகத் தெரியும். சைக்ளோஸ்டைல் என்றால் மை தாளுக்குள் ஊறி, ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் எண்ணெய்த் தடம் லேசாக இருக்கும், "ஓ" மாதிரி மூடிய எழுத்துகளின் நடுப்பகுதி பல இடங்களில் அறுந்துபோய்க் கறுப்பாக அடைந்திருக்கும். ஜெராக்ஸ் என்றால் மை தாளின் மேல் பளபளவென்று உட்கார்ந்திருக்கும், உருப்பெருக்கியில் தூள்தூளாகத் தெரியும். உங்கள் இரண்டு தாளில் எது தெரிகிறது?

தாள்வாசி:

எண்ணெய்த் தடம்தான், பழுப்பு வளையம்போல. எழுத்துகளின் நடுவும் சில இடங்களில் அடைந்திருக்கிறது. வியாபாரியும் பதில் போட்டுவிட்டார், தவணைக்குச் சம்மதம், யார் வீடு என்பதைக் குடும்பத்தைக் கேட்டுச் சொல்கிறாராம். அது தெரியாமல் பணம் அனுப்ப மாட்டேன். படங்கள் நாளை வரும்.

நீலமை:

நல்லது. வந்ததும் அரபித் தாள்களின் தலைப்பு வரியும் தேதி வரியும் மட்டும் இங்கே போடுங்கள், உள்ளே பெயர்கள் இருந்தால் மறைத்துவிடுங்கள். மாதத்தைப் பார்த்து ஊர்வாரியாகச் சொல்லிவிடுகிறேன். மாயிஸ் என்று எதிலாவது இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள்.